பெற்றோரின் ஹெல்த் பாலிசி 46,800 ஆகிவிட்டது. கட்டுவதா, விடுவதா?

கரூர்க்காரன்:
அப்பாவுக்கு 58, அம்மாவுக்கு 55. இருவருக்கும் சேர்த்து 10 லட்சத்துக்கு ஃப்ளோட்டர் பாலிசி, ஆறு வருடமாகக் கட்டுகிறேன். ஒரு கிளைம்கூடப் போட்டதில்லை. போன முறை 18 சதவீத ஜிஎஸ்டியோடு 36,200. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது என்றதும் குறையும் என்று நம்பியிருந்தேன். இப்போது 46,800 கேட்டு ரினியூவல் நோட்டீஸ் வந்திருக்கிறது. "இதை ஆர்டியில போட்டா நம்ம காசு நம்மகிட்டயே இருக்கும்" என்கிறார் அப்பா. அவருக்கு நாலு வருடமாக சுகர். கடைசி தேதிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

தஞ்சாவூர் அக்கா:
தம்பி, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். என் மாமனாரும் இதையே சொல்லித்தான் 2021இல் பாலிசியை நிறுத்தினார். மாதம் 2,000 ஆர்டி. பதினாலாவது மாதம் நெஞ்சுவலி, இரண்டு ஸ்டென்ட், பில் 3,85,000. ஆர்டியில் இருந்தது 28,000. மாமியாரின் இரட்டைவடச் சங்கிலி அடகுக்குப் போனது. அந்த ரசீதை பர்ஸில் மடித்து வைத்து மடித்து வைத்து ஓரமெல்லாம் நைந்துவிட்டது. இன்னும் மீட்கவில்லை.

நாங்கள் இப்போது அம்மாவுக்குச் செய்திருப்பது இதுதான்: பாலிசியை 5 லட்சமாகக் குறைத்து, அதற்கு மேல் போகும் பில்லுக்கு சூப்பர் டாப்-அப் என்ற கூடுதல் பாலிசி. முதல் 5 லட்சத்தை டாப்-அப் கம்பெனி தொடாது, அதனால் பிரீமியம் நன்றாகவே குறைவு. வெறும் டாப்-அப் வாங்காதீர்கள். அது ஒவ்வொரு அட்மிஷனையும் தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் வருடத்து பில்களை எல்லாம் கூட்டிப் பார்க்கும். சுகரை மறைக்காமல் எழுதுங்கள். அதற்கு மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம், ஆகவே இப்போதே போட்டுவிடுங்கள்.

பழைய ஏஜென்ட்:
வேறு கம்பெனிக்கு போர்ட் பண்ணவும் கேட்டுப் பாருங்கள். ரினியூவலுக்கு 45 நாள் முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும். சுகர் இருப்பதால் மறுக்கவும் கூடும். புதியது கைக்கு வரும்வரை பழையதை விடாதீர்கள். ரூம் வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 3,000 வரம்பு வைத்துக்கொண்டு 6,000 ரூமில் படுத்தால், வாடகையோடு டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் செலவிலும் பாதியை வெட்டிவிடுவார்கள்.

இன்னொன்று, 60 மாதம் விடாமல் கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, எதையோ சொல்லவில்லை என்று கிளைமை மறுக்க முடியாது. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். அப்புறம், 60 வயதானவர்களுக்கு வருடம் 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்றுவதென்றால் கம்பெனி முன்கூட்டியே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயிடம் கலந்து பேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. அப்பாவுக்கு இன்னும் இரண்டே வருடம்.

நாமக்கல் டீச்சர்:
குடும்ப வருமானம் வருடம் 1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. விஏஓவிடம் வருமானச் சான்று வாங்க வேண்டும்.

கரூர்க்காரன்:
எங்கள் வருமானம் அதைத் தாண்டும், டீச்சர். அக்கா, ரசீது விஷயத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து பீரோவிலிருந்து பாலிசி ஃபைலை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்தார். திங்கட்கிழமை போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிறேன்.