ஜெர்மனியில் பாஸ்போர்ட் தொலைந்தால்: எங்கே போவது, எதை எடுத்துப் போவது

போன வாரம் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு தம்பியிடமிருந்து போன். வந்து நாலு மாதம்தான் ஆகிறது. "அண்ணா, பாஸ்போர்ட்டைக் காணோம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?" என்றான். குரலே சரியில்லை.

அனுப்ப மாட்டார்கள். சில வருடங்களுக்கு முன் இதே கேள்வியை நானும் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அதனால் அவனிடம் சொன்னதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். இது இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு. இலங்கைக்காரர்களுக்குக் கீழே தனியாகச் சொல்கிறேன், அவர்களுக்கு வழி வேறு.

என்னுடையது தொலைந்தது, ஜெர்மனியின் ஹாம் ஊரில் இருக்கும் காமாட்சி அம்மன் கோயில் தேர் அன்று. வெள்ளிக்கிழமை வங்கிக்கு எடுத்துப் போன பாஸ்போர்ட்டைப் பையிலிருந்து எடுத்து வைக்க மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதே பையை மாட்டிக்கொண்டு தேருக்குப் போனேன். திரும்பும்போது ரயிலில் நிற்க இடமில்லை. பையை மேல்தட்டில் தள்ளிவிட்டு, சர்க்கரைப் பொங்கல் டப்பாவைக் கவிழாமல் மார்போடு பிடித்துக்கொண்டேன். இறங்கி, கதவு மூடி, ரயில் நகர்ந்த பிறகுதான் தோள் லேசாக இருப்பது உறைத்தது. டப்பா மட்டும் பத்திரமாக இருந்தது.

ரயிலில் விட்டிருந்தால் அன்றைக்கே ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பானின் இணையதளத்தில் தொலைந்த பொருள் படிவத்தை நிரப்புங்கள். எந்த வண்டி, எத்தனை மணி, எந்த ஊர் வரை, பை என்ன நிறம், உள்ளே என்னென்ன என்று கேட்பார்கள். உள்ளே இருந்ததை ஒன்று விடாமல் எழுதுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நான் 'அரைத் தேங்காய், விபூதிப் பொட்டலம்' என்றுகூட எழுதினேன். ரயிலில் கிடைத்து யாரும் கேட்டு வராத சாமான் கடைசியில் வுப்பர்டாலில் இருக்கும் மத்திய அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். டிராமிலோ ஊர் பஸ்ஸிலோ விட்டிருந்தால் அது வேறு அலுவலகம். அந்தப் போக்குவரத்துக் கழகத்திடமோ நகராட்சியின் தொலைந்த பொருள் அலுவலகமான 'ஃபுண்ட்பூரோ'விடமோ கேட்க வேண்டும். தேடுவதற்கு ஓரிரு நாள் கொடுக்கலாம், அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம்.

பர்ஸும் சேர்ந்து போயிருந்தால் முதலில் 116 116 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் எடுப்பார்கள். வங்கி அட்டைகளை முடக்கலாம், குடியிருப்பு அட்டையில் இருக்கும் ஆன்லைன் அடையாள வசதியையும் இதே எண்ணில் முடக்கலாம்.

அப்புறம் காவல் நிலையம். போனதும் கேட்பார்கள்: தொலைந்ததா, திருட்டா? தெரியாவிட்டால் தொலைந்தது என்றே சொல்லுங்கள். திருட்டு என்றால் தனிச் சீட்டு கிடைக்கும், சீக்கிரம் வேலை நடக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பார்க்காத திருட்டைப் பார்த்ததாகப் புகார் கொடுப்பது வேறு வம்பு.

நான் மாட்டிக்கொண்ட இடம் இன்னொன்று. நம் பாஸ்போர்ட் எண் ஓர் எழுத்தும் ஏழு இலக்கமும். என்னுடையது 'வி'யில் தொடங்கும். நான் 'வீ' என்றேன், அந்த அதிகாரி டபிள்யூ என்று அடித்தார். அவர் மேல் தப்பில்லை. ஜெர்மனில் டபிள்யூவின் பெயர்தான் 'வே', நம் 'வி'க்கு அவர்கள் சொல்வது 'ஃபௌ'. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். நாலு நாள் கழித்து விண்ணப்பத்தோடு வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. மறுபடி போய் வரிசை, மறுபடி விளக்கம். ஆகவே எண்ணை வாயால் சொல்லாதீர்கள், பழைய நகலைக் காட்டுங்கள் அல்லது எழுதிக் கொடுங்கள். அங்கிருந்து நகர்வதற்கு முன் பெயர், பிறந்த தேதி, எண் மூன்றையும் விரல் வைத்துப் படியுங்கள்.

பெயர் விஷயம் தமிழர்களுக்கே உரியது. பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும். இங்கே அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு, செய்யும்போது முழுப் பெயரையும் தூக்கிக் குடும்பப் பெயரில் போட்டிருப்பார்கள். காவல் நிலையச் சீட்டில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தபடி இருக்கட்டும். 'எப்படியும் புதுசு எடுக்கிறோமே, அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் பிரித்துவிடலாம்' என்ற ஆசை இந்த நேரத்தில் எல்லாருக்கும் வரும். வேண்டாம். தொலைந்ததுக்கு ஒரு காகிதக் கட்டு, பெயர் மாற்றத்துக்கு இன்னொரு கட்டு, பிறகு குடியிருப்பு அட்டை, வங்கி, சம்பளச் சீட்டு எல்லாவற்றிலும் பழைய பெயர். அது நிதானமாக ஒரு நாள் செய்ய வேண்டிய வேலை.

விண்ணப்பம் ஆன்லைனில் தொடங்கும். பாஸ்போர்ட் சேவாவில் வெளிநாட்டுத் தூதரகங்களுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. பழக்கதோஷத்தில் ஊரில் பயன்படுத்திய தளத்துக்குள் போய்ச் சென்னை அலுவலகத்தைத் தேர்ந்தெடுத்துப் பணமும் கட்டியவர் ஒருவரை எனக்குத் தெரியும். தேர்ந்தெடுக்க வேண்டியது மறுவெளியீடு, காரணம் தொலைந்தது. புதிய பாஸ்போர்ட் என்று போடாதீர்கள். உங்களுக்கு ஏற்கெனவே ஒன்று கொடுத்தது அவர்கள் கணினியில் இருக்கிறது.

எந்த அலுவலகம் என்பது நீங்கள் இருக்கும் மாநிலத்தைப் பொறுத்தது. பெர்லினில் தூதரகம், பிராங்க்பர்ட், ஹாம்பர்க், மியூனிக்கில் துணைத் தூதரகங்கள். டியூசல்டார்ப், கொலோன் பக்கம் இருப்பவர்களுக்கு பிராங்க்பர்ட், டிரெஸ்டன்காரர்களுக்கு பெர்லின். கட்டணம் வழக்கமான புதுப்பிப்பைவிட அதிகம். தொகையையும் ஃபோட்டோ அளவையும் உங்கள் அலுவலகத்தின் பக்கத்தில் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்; அவை மாறும்.

எடுத்துப் போக வேண்டியவை: காவல் நிலையச் சீட்டு, எப்படித் தொலைந்தது என்ற உறுதிமொழி, குடியிருப்பு அட்டை, முகவரிப் பதிவுச் சான்று, பழைய பாஸ்போர்ட்டின் நகல். இதில் கடைசியாகச் சொன்னதுதான் ஆளைக் காப்பாற்றும். எல்லாரும் முகம் இருக்கும் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து வைத்திருப்பார்கள். கடைசிப் பக்கம் அதைவிட முக்கியம். பெற்றோர் பெயர், முகவரி, அதற்கு முந்தைய பாஸ்போர்ட்டின் விவரம், ஃபைல் எண் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஃபைல் எண் கையில் இருந்தால் சென்னையோ திருச்சியோ மதுரையோ கோவையோ, எங்கே கொடுத்தார்களோ அங்கே பழைய பதிவைத் தேடுவது எளிது. நகலே இல்லை என்றால் மின்னஞ்சலைத் தோண்டுங்கள். விசா விண்ணப்பத்தோடு அனுப்பியது, கல்லூரி சேர்க்கைக்கு அனுப்பியது, இங்கே வேலைக்குச் சேரும்போது கொடுத்தது என்று எங்காவது ஒன்று இருக்கும். எனக்கு அகப்பட்டது விசா எடுத்துக் கொடுத்த ஏஜெண்டின் பழைய மெயிலில்.

உறுதிமொழியில் கதை எழுதாதீர்கள். எந்தத் தேதி, எந்த இடம், எப்போது கவனித்தீர்கள், எங்கே புகார் கொடுத்தீர்கள். நாலு வரி. அது காவல் நிலையச் சீட்டோடு ஒத்துப்போனால் போதும்.

இந்தியாவிலிருந்து சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் புதுசு அச்சாகும். அதற்கு வாரக் கணக்காகும், சில சமயம் அதற்கும் மேல். ஊர் முகவரிக்குப் போலீஸ் விசாரணை வரலாம். நான் இதை வீட்டில் சொல்லவில்லை. ஒரு காலை மணப்பாறையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு காவலர் நின்று என் பெயரைக் கேட்டிருக்கிறார். அம்மா எனக்குப் போன் போட்டு, "என்னடா பண்ணித் தொலைச்ச?" என்றாள். தொலைத்தது என்னவோ உண்மைதான். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது.

இதற்கு நடுவே பலர் விட்டுவிடுவது வெளிநாட்டவர் அலுவலகம், அதாவது ஆஸ்லேண்டர்பெஹோர்ட. இங்கே குடியிருக்கும் வெளிநாட்டவர் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் வைத்திருப்பது சட்டக் கடமை. தொலைந்தால் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும், புதிதாக விண்ணப்பிக்கவும் வேண்டும். காவல் நிலையச் சீட்டையும் தூதரக ரசீதையும் இணைத்து ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பதில் வராவிட்டாலும் அனுப்பியதற்கு அத்தாட்சி இருக்கும். பாஸ்போர்ட் போனதால் குடியிருப்பு அனுமதி மறுநாளே செத்துவிடாது, வேலைக்குப் போகலாம். ஆனால் அந்த அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு பாரிசுக்கோ ஆம்ஸ்டர்டாமுக்கோ கிளம்பிவிடாதீர்கள். ஷெங்கன் நாடுகளுக்குள் போய் வரும் உரிமை அட்டையும் பாஸ்போர்ட்டும் சேர்ந்து இருந்தால்தான்.

அந்தத் தம்பியிடம் அட்டையே இன்னும் வரவில்லை. விசா ஸ்டிக்கர் தொலைந்த புத்தகத்தில்தான் இருந்தது. இப்படி இருப்பவர்கள் மின்னஞ்சலோடு நிற்காமல் நேரில் போய்விடுங்கள். இங்கே இருப்பதற்கான உரிமையைக் காட்ட உங்கள் கையில் ஒரு தாளாவது வேண்டும்.

வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

"அண்ணா, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, புதுசு வரும்வரை காத்திருக்க முடியாது."

எமர்ஜென்சி சர்டிஃபிகேட் கேளுங்கள். இந்தியாவுக்கு ஒரு வழிப் பயணத்துக்கு மட்டும் தருவது. நேரடி விமானமாகப் பாருங்கள். இடையில் இறங்க வேண்டியிருந்தால் அந்த நாடும் விமான நிறுவனமும் அதை ஏற்குமா என்று கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். ஊரில் இறங்கிய பிறகு புதிய பாஸ்போர்ட்டை அங்கேயே எடுத்துத்தான் திரும்ப முடியும். குடியிருப்பு அட்டையை மறக்காமல் கொண்டு போங்கள், திரும்பி வர அதுதான் சாவி. விசா ஸ்டிக்கர் மட்டுமே இருந்து அதுவும் தொலைந்திருந்தால், சென்னையில் ஜெர்மன் துணைத் தூதரகத்தில் மறுபடி விசா வாங்க வேண்டியிருக்கும். இன்னொன்று: சாதாரண குடியிருப்பு அனுமதி உள்ளவர் ஆறு மாதத்துக்குமேல் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் அனுமதி காலாவதியாகிவிடும், உயர்தகுதி வேலைக்கு வருபவர்களுக்கான புளூ கார்டுக்குப் பன்னிரண்டு மாதம். ஊரில் பாஸ்போர்ட் தாமதமானால் இந்தக் கணக்கைப் பார்த்து, காலம் முடிவதற்குள்ளேயே வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

"தம்பி, என்ரை அம்மாவிட்டை இருக்கிறது நீல நிறப் புத்தகம். அது காணாமல் போனால் நாங்கள் இலங்கைத் தூதரகத்துக்குப் போக வேணுமோ?"

வேண்டாம் அக்கா. அது அகதி அந்தஸ்துக்கு ஜெர்மனி கொடுத்த பயண ஆவணம். போலீசில் சொல்லிவிட்டு, கொடுத்த இடமான வெளிநாட்டவர் அலுவலகத்துக்கே போங்கள். தெரியாமல் இலங்கைத் தூதரகத்தில் போய்க் கடவுச்சீட்டு எடுத்தால், 'அந்த நாட்டின் பாதுகாப்பை நீங்களே நாடிவிட்டீர்களே' என்று அகதி அந்தஸ்தைப் பற்றியே கேள்வி வரலாம். அப்படி யோசனை இருந்தால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வேலைக்கோ படிக்கவோ இலங்கைக் கடவுச்சீட்டில் வந்தவர்களுக்குத்தான் பெர்லினில் இருக்கும் இலங்கைத் தூதரகம்.

"வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன், கூழாகிவிட்டது. தொலைந்தது என்று சொல்லலாமா?"

கூடாது. அது சேதமடைந்தது என்ற கணக்கில் வரும். கூழாக இருந்தாலும் காயவைத்து, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள்.

"தொலைந்தது என்று எழுதிக் கொடுத்த பிறகு கிடைத்துவிட்டால்?"

எனக்கு அதுதான் நடந்தது. தொலைந்ததாகப் பதிவான எண் ரத்தாகிவிடும், இன்டர்போலின் தொலைந்த ஆவணப் பட்டியலிலும் ஏறலாம். அதைக் காட்டி விமானம் ஏறப் போனால் கவுண்டரிலேயே ஓரமாக நிற்க வைப்பார்கள். தொலைந்ததைச் சொல்வதுபோல, திரும்பக் கிடைத்ததைச் சொல்வதும் ஜெர்மனியில் கட்டாயம். தூதரகத்துக்கும் சொல்லி, பழையதை ஒப்படைத்துவிட வேண்டும்.

என் பை புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்து பத்து நாள் கழித்துக் கிடைத்தது. பாஸ்போர்ட் உள் ஜிப்பில் அப்படியே இருந்தது. வாங்கப் போனபோது கறுப்பு நிறத்தில் ஒரே மாதிரி எத்தனையோ பைகள். எனதுதான் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த அம்மா படிவத்தைத் திருப்பிக் காட்டி, தேங்காய் என்ற வார்த்தைக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்ததைச் சுட்டினார். தேங்காயை மட்டும் எப்போதோ எறிந்துவிட்டார்களாம்.