போடி ரயிலும் அஞ்சு மில்லிமீட்டரும்

கூடல்நகர் கேபின்:
மேலமாசி அண்ணன் போன வாரம் தன் வீட்டுக் கொலுப் பார்க்கைப் படம் எடுத்துப் போட்டு, "பழைய போடி ரயில், 1:87 அளவில், இம்மி பிசகாமல்" என்று எழுதியிருந்தார். எல்லாரும் கைதட்டிட்டுப் போயிட்டீங்க. ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியல. அவர் போட்டிருக்குறது எச்.ஓ.ன்னு சொல்ற 1:87 மாடல் தண்டவாளம், ரெண்டு கம்பிக்கும் நடுவுல (அதுதான் கேஜ்) 16.5 மி.மீ. அதை 87ஆல பெருக்குங்க, நிஜ அளவுல 1435 மி.மீ. வரும். மதுரை-போடி லைன் 2010 கடைசியில மூடுற வரைக்கும் மீட்டர் கேஜ், 1000 மி.மீ. அதை 87ஆல வகுத்தா பதினொன்றரை. அதுக்குன்னே 12 மி.மீ. தண்டவாளம் தனியா வருது. அண்ணன் போட்டது அஞ்சு மில்லிமீட்டர் கூட. "இம்மி பிசகாமல்" என்ற வார்த்தையை எடுத்துடுங்க, அம்புட்டுதான்.

மேலமாசி:
எட்டு மாச வேலை தம்பி அது. ஒய்டிஎம்4 டீசல் என்ஜின் உடம்பு முழுக்க பிளாஸ்டிக் ஷீட்டை நானே வெட்டி ஒட்டினது. ஆண்டிபட்டி கணவாய்ப் பாறையைத் தெர்மாகோல்ல செதுக்கி மூணு கோட் அடிச்சிருக்கேன். உசிலம்பட்டி ஸ்டேஷன் வேப்பமரத்துக்குக் கூட இலை தனித்தனியா ஒட்டியிருக்கு. இதையெல்லாம் விட்டுட்டு உன் கண்ணு தண்டவாளத்துலதான் போய் விழுந்துச்சா?

கூடல்நகர் கேபின்:
அங்கதான் விழும். எங்கப்பா அந்த லைன்ல கேங்மேன். வெயில்ல கேஜ் கம்பியை வச்சு அளந்து அளந்து நடந்த மனுஷன். சில மில்லிமீட்டர் விரிஞ்சிருந்தாலே அன்னிக்கு வீட்டுல பேச்சு இருக்காது. நீங்க அஞ்சு மில்லிமீட்டர்னு லேசா விடுறது நிஜ லைன்ல 435 மி.மீ., ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கம்மி. அப்படி ஒரு லைன்ல எந்த வண்டி போகும்?

திருநகர் 87:
கேபின் சாருக்கு ஒரு தகவல். இங்கிலாந்துல ஹார்ன்பி 1920லயே ரயில் பொம்மை போட ஆரம்பிச்சாச்சு. இந்தப் பொழுதுபோக்கை வளர்த்ததே அந்த மாதிரி ஆளுங்கதான். அங்க இன்னிக்கும் டபுள் ஓன்னு சொல்ற மாடல் வண்டிகள் 1:76 அளவு, ஓடுறது அதே 16.5 மி.மீ. தண்டவாளத்துல. கணக்குப் பார்த்தா 18.83 வரணும். அந்தக் காலத்து மோட்டார் சின்ன என்ஜினுக்குள்ள அடங்கலைன்னு உடம்பைப் பெருசாக்கினாங்க, தண்டவாளத்தை அப்படியே விட்டுட்டாங்க. அவங்களே விட்டுக்கொடுத்ததை மதுரையில பிடிச்சுத் தொங்கணுமா?

கூடல்நகர் கேபின்:
அதே இங்கிலாந்துல 18.83லதான் போடுவேன்னு ஒவ்வொரு கட்டையா கையால பதிக்கிறவங்களும் இருக்காங்க. அவங்க பேரை மட்டும் ஏன் விட்டீங்க? 16.5ல ஓட்டுறவங்க யாரும் இம்மி பிசகாமல்னு போர்டு மாட்டல. ஹாம்பர்க்ல 2001ல திறந்தாங்களே மினியேச்சர் வுண்டர்லேண்ட், அதுவும் 1:87தான், 16.5 மி.மீ.தான். ஜெர்மனி ரயிலே 1435, அவங்களுக்கு அது சரி. நமக்கு எப்படிச் சரியாகும்?

தேனிக்காரன்:
இப்ப போடி லைன் பிராட் கேஜ் ஆயிருச்சே. 2022 மே மாசம் தேனி வரைக்கும், 2023 ஜூன்ல போடிக்கும் வண்டி வந்தாச்சு. 1676ஐ 87ஆல வகுத்தா 19.3. பழசுக்கும் புதுசுக்கும் நடுவுல 16.5 இருக்கு, ரெண்டுக்கும் பொதுவா வச்சுக்கலாமே.

கூடல்நகர் கேபின்:
ரெண்டுக்கும் நடுவுல இருக்குறது சென்னை மெட்ரோ. அதுதான் 1435. அண்ணன் மெட்ரோ தண்டவாளத்துல போடி ரயிலை விட்டிருக்கார். இதைத்தான் முதல்ல இருந்து சொல்றேன்.

விளாச்சேரி மண்:
எங்க வீட்டுல நாலு தலைமுறையா கொலு பொம்மை செய்றோம். ஒரு கேள்வி. பார்க்குக்கு மேல் படியில மீனாட்சி கல்யாணம் செட் இருக்கு. மீனாட்சி அம்மன் ரயில் பெட்டியை விட உசரம். பக்கத்துல செட்டியாரும் கடையும், தட்டுல மளிகைச் சாமான். அதையெல்லாம் எந்த அளவுன்னு கேட்டீங்களா? பார்க்குல சாவி குடுத்து விடுற தகர ரயில் ஓடினாலே பிள்ளைங்க கூட்டம் சேரும். கொலுவுல ரயிலுக்கு இடம் கிடைச்சது அளவால இல்ல, அது சுத்துறதால.

மேலமாசி:
சரியாச் சொன்னீங்க அக்கா. ஆனா அது தகர ரயில் இல்ல, மாடல். ஊட்டி டாய் ட்ரெயினை விட அழகா வளையும்.

கூடல்நகர் கேபின்:
ஊட்டி ரயிலை டாய்னு சொல்லாதீங்கண்ணே. அதுவும் 1000 மி.மீ. மீட்டர் கேஜ்தான், போடி லைனுக்கு அண்ணன் தம்பி. 12 அடி போனா ஒரு அடி ஏறுற மலையில பல்சக்கரத்தைப் பிடிச்சு ஏறுது. 2005ல யுனெஸ்கோ அங்கீகாரம் வாங்கின வண்டி உங்களுக்குப் பொம்மை, 16.5ல ஓடுற பொம்மை உங்களுக்கு மாடல்.

விளாச்சேரி மண்:
பொம்மைன்னா அவ்வளவு கேவலமா? மண்ணைக் குழைச்சு, சூளையில சுட்டு, கண்ணு திறக்குறவங்க வீட்டுல வந்து இதைச் சொல்லிப் பாருங்க.

கூடல்நகர் கேபின்:
நான் கேவலம்னு சொல்லல அக்கா. நிஜ ரயிலைப் பொம்மைங்காதீங்கன்னேன்.

திருநகர் 87:
பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள்ல பாலம் உடைஞ்சு ரயில் கவிழுமே, அதெல்லாம் மினியேச்சர்தான். சின்ன வண்டி கனமாத் தெரியணும்னு கேமராவை வேகமா ஓட்டி எடுப்பாங்க, திரையில மெதுவா விழும். டூரிங் டாக்கீஸ்ல மணல்ல உக்காந்து எங்கம்மா அழுதிருக்காங்க. யாரும் கேஜ் அளக்கல.

கூடல்நகர் கேபின்:
அந்தப் படத்துக்காரர் யாரும் "இம்மி பிசகாமல்"னு போஸ்டர் ஒட்டல. பதில் சொல்லாம சுத்துறீங்க. 16.5ஆ இல்லையா?

மேலமாசி:
12 மி.மீ. தண்டவாளம் சுவிட்சர்லாந்து மலை ரயில்காரங்களுக்காக வெளிநாட்டுல வர்றது. வரவழைச்சா சுங்கமும் சேர்ந்து என் ஒரு மாச பென்ஷன் போயிரும். நீ வாங்கிக் குடு, போடுறேன். போன வருஷம் உன் பார்க்கை யாரும் ஏறிட்டுப் பார்க்கல, அந்த வயித்தெரிச்சல்தானே இது?

கூடல்நகர் கேபின்:
என் பார்க்குல ரயிலே வைக்கல. ஏன் வைக்கலன்னு கேளுங்க. ரயில் ஓட்டுற 12 வோல்ட் கன்ட்ரோலரை நீங்க போன நவராத்திரிக்கு முந்தின நாள் வாங்கிட்டுப் போனீங்க, இன்னும் திரும்பல.

திருநகர் 87:
ஒரு நிமிஷம். கறுப்புக் குமிழ் வச்ச கன்ட்ரோலரா? அது என்னுது. உங்களுக்குக் கடனாத்தான் குடுத்தேன் கேபின் சார்.

கூடல்நகர் கேபின்:
அதைத் தனியாப் பேசிக்கலாம். இங்க பேச்சு 16.5.

தேனிக்காரன்:
1928ல போட்ட லைனைப் பத்திப் பேசுவீங்கன்னு வந்தேன். கன்ட்ரோலர் பஞ்சாயத்தா?

மேலமாசி:
விஜயதசமி வரைக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ரயில் ஓடும், யார் வேணும்னாலும் வரலாம். எழுதினதை எடுக்க மாட்டேன்.

கூடல்நகர் கேபின்:
நாளைக்கு ஆறு மணிக்கு வர்றேன். அப்பாவோட கேஜ் கம்பி பெருசு, உங்க தண்டவாளத்துக்குள்ள நுழையாது. இரும்பு ஸ்கேல் கொண்டு வர்றேன். உசிலம்பட்டி பிளாட்பாரம் பக்கத்துல வச்சு எல்லார் முன்னாடியும் ஒரு படம் எடுக்கணும். அதுவரைக்கும் நான் சொன்னது சொன்னதுதான், அஞ்சு மில்லிமீட்டர் கூட.