புறா அடையில் ஆண் எந்நேரம், பெட்டை எந்நேரம்? 3.30 மணிக்கு முட்டை தனியாகக் கிடக்கிறது

மொட்டைமாடி_கூண்டு:

வணக்கம். ஹோமர் (பந்தயப் புறா) 6 ஜோடி, ஒரே கூண்டு. தீனி காலை 7 மணிக்கு ஒரு தடவை, மதியம் 3.30க்கு ஒரு தடவை. ஒரு ஜோடி அடையில் இருக்கிறது. ராத்திரி முழுக்கப் பெட்டை, காலை 10 மணி வாக்கில் ஆண் வந்து மாற்றிக்கொள்கிறது. 3.30க்குத் தீனி டப்பா சத்தம் கேட்டதும் ஆண் இறங்கிவிடுகிறது. பெட்டையும் அந்நேரம் கீழே தீனியில்தான் நிற்கிறது. அரை மணி நேரத்துக்கு மேல் இரண்டு முட்டையும் திறந்தே கிடக்கின்றன.

ஆண் சோம்பேறியா? ஜோடியை மாற்றிப் போடணுமா? முதல் முட்டை திங்கட்கிழமை சாயங்காலம் விழுந்தது. இன்றோடு 18 நாள் ஆச்சு, பொரிக்கவில்லை. கூமுட்டை என்று எடுத்துவிடலாமா? காலையில் இறங்கும்போது பெட்டை போடும் எச்சம் பெரிதாக, நாற்றமாக இருக்கிறது. வயிற்றுக் கோளாறா?

ஈர்க்குச்சி:

முதலில் முட்டையை எடுக்காதீங்க. கணக்கு தப்பு.

புறா முதல் முட்டையைச் சாயங்காலம் 5, 6 மணிக்குப் போடும். இரண்டாவது ஏறக்குறைய 44 மணி நேரம் கழித்து, அதாவது ஒரு நாள் விட்டு மறுநாள் மதியம். இடையில் பெட்டை முட்டை மேல் அழுத்தி உட்காராது, அரைகுறையாகக் குந்தி நின்று காவல் மட்டும் இருக்கும். (புதுசாக வளர்ப்பவர்கள் "பெட்டை முட்டையைக் கைவிட்டுடுச்சு" என்று பதறுவது இந்த இடைவெளியில்தான்.) உண்மையான அடை இரண்டாவது முட்டை விழுந்த பிறகுதான் ஆரம்பம். அதிலிருந்து 17, 18 நாள். உங்களுக்குத் திங்கள் முதல் முட்டை என்றால் புதன் மதியம் இரண்டாவது. இரண்டு வாரம் தாண்டி வருகிற சனி அல்லது ஞாயிறுதான் பொரிக்கும் நாள். இன்று வெள்ளி, அடைக்கணக்கில் 16 நாள்தான். நாளைக் காலை முட்டையில் சின்னக் கீறல் இருக்கிறதா என்று பாருங்க.

ஆண் சோம்பேறி இல்லை, சொல்லப்போனால் நேரம் தவறாதது. புறாவில் பகல் முறை ஆணுக்கு: காலை 9, 10 மணியிலிருந்து சாயங்காலம் 4, 5 மணி வரை. மிச்ச நேரம், ராத்திரி முழுவதும் சேர்த்து, பெட்டைக்கு. நாளில் ஆணுக்கு ஆறு, ஏழு மணி நேரம், பெட்டைக்குப் பதினேழு பதினெட்டு. கூண்டுக்குக் கூண்டு அரை மணி, ஒரு மணி வித்தியாசம் இருக்கும், ஆனால் ஒரே ஜோடி தினமும் அதே நேரத்தை ஒட்டித்தான் மாறும்.

கோளாறு உங்கள் தீனி நேரத்தில்தான். 3.30 என்பது ஆண் முறை முடிவதற்கு முன்னால். அது காலை 7க்குத் தின்றது, பசியோடு உட்கார்ந்திருக்கிறது. டப்பா சத்தம் கேட்டால் இறங்காமல் என்ன செய்யும்? பெட்டைக்கோ இன்னும் முறை வரவில்லை, அது ஓய்வில் இருக்கிறது. இரண்டு பேர் மேலும் தப்பில்லை.

இப்படி மாற்றிப் பாருங்க. காலை 7க்குப் போடும்போது ஆண்கள் நன்றாகத் தின்னும், ஆனால் அடையில் இருக்கும் பெட்டைகள் கீழே வராது. அதனால் காலைப் பங்கில் மூன்றில் ஒன்றை நிறுத்திவைத்து 10.30க்குப் போடுங்க, அப்போதுதான் இறங்கிய பெட்டைக்குக் கிடைக்கும். சாயங்காலத் தீனி 5 மணிக்கு மேல், பெட்டை கூட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு. டப்பாவை ஆட்டாதீங்க. ஒரு புறாவுக்கு நாளைக்கு 30, 40 கிராம் போதும். கம்பு, சோளம், கோதுமை, பச்சைப்பயறு கலந்து போடுங்க. தண்ணீர் எந்நேரமும் இருக்கணும், முறை முடிந்து இறங்கினதும் முதலில் போவது தண்ணீருக்குத்தான்.

அந்தப் பெரிய எச்சம் நோய் இல்லை. ராத்திரி முழுக்கக் கூட்டை அசிங்கப்படுத்தாமல் அடக்கிவைத்து, காலையில் இறங்கியதும் மொத்தமாகப் போடுகிறது. பகலில் அதுவே தண்ணீராகப் போனால்தான் கவனிக்கணும்.

முறை மாறுவதை ஒரு நாள் கிட்டே நின்று பாருங்க. ஆண் கூட்டுச் சட்டி (முட்டை இருக்கும் மண்சட்டி) விளிம்பில் வந்து நிற்கும், தலையைத் தாழ்த்தும். பெட்டை சில நாள் உடனே எழாது. ஆண் பக்கவாட்டில் மார்பை நுழைத்து நெருக்கும், பெட்டை ஒதுங்கும், முட்டை திறந்திருப்பது சில நொடிதான். பிறகு ஆண் அலகால் முட்டையைத் தன் பக்கம் இழுத்து, இறகைச் சிலிர்த்து, இடமும் வலமும் ஆடி அமரும். இந்த அமைதி வேண்டுமானால் ஜோடி இல்லாத ஆண்களைக் கூண்டிலிருந்து பிரித்துவிடுங்க. முறை மாறும் நேரம் பார்த்து அவை கூட்டுக்குள் புகும், சண்டையில் முட்டை நசுங்கும்.

சிட்டுப்பெட்டி:

ஈர்க்குச்சி சொன்ன நேரத்தைப் புறாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேறு கூண்டுப் பறவை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். காக்டெய்ல் கிளியில் ஆணும் பெண்ணும் மாறிமாறி உட்காரும், அங்கேயும் பகலில் பெரும்பாலும் ஆண், ராத்திரி பெண். பட்ஜி என்ற சின்னக் கிளியில் பெண் மட்டும்தான் அடை, ஆண் வேலை இரை கொண்டுவந்து ஊட்டுவது. ஆப்பிரிக்க லவ் பேர்ட்ஸிலும் அடை பெண்ணுக்குத்தான். அந்த ஆணைப் பெட்டியில் தேடி "உட்காரவே மாட்டேங்குது" என்று புலம்பிப் பயனில்லை. அடைக்காலத்தில் பட்ஜி ஆணைப் பிரித்தால் பெண் இரைக்காக வெளியே வர வேண்டியிருக்கும், முட்டை குளிரும்.

புறாவில் ஒரு கூட்டில் 4 முட்டை கிடந்தால் அது அதிர்ஷ்டம் இல்லை, ஜோடி என்று நினைத்த இரண்டும் பெட்டை. முறை மாறி அழகாக உட்காரும், ஒன்றும் பொரிக்காது.

ஈர்க்குச்சி:

சரியாகச் சொன்னீங்க. ஆணும் உட்காருவதில் வெப்பம் கொடுப்பதைத் தாண்டி ஒரு காரியம் இருக்கிறது. அடையில் உட்கார உட்கார இரண்டுக்கும் தொண்டைப்பையின் உள்சுவர் தடிக்கும். பொரிக்கும் நேரத்தில் அது உதிர்ந்து தயிர்க்கட்டி மாதிரி பால் ஆகும். கொழுப்பும் புரதமும்தான், மாவுச்சத்து ஏறக்குறைய இல்லை. இதைச் சுரக்கவைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனுக்கு 1933இல் ஆய்வாளர் ஆஸ்கர் ரிடில் குழு பெயர் வைத்ததே புறாவின் தொண்டைப்பையை வைத்துச் சோதித்துத்தான்.

அதனால்தான் அடுத்த கூட்டு முட்டையை மாற்றி வைப்பவர்கள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வித்தியாசத்துக்குள் வைக்கணும். ஐந்து நாள் முந்திய முட்டையை வைத்தால் குஞ்சு வந்துவிடும், பால் வராது. தானியம் ஊட்டினால் முதல் மூன்று நான்கு நாள் குஞ்சுக்குச் செரிக்காது.

கண்மாய்க்கரை:

வெளியில் பார்த்தால் இந்தப் பங்கு விதவிதமாக இருக்கிறது. ஆள்காட்டியில் இருவரும் உட்காரும், வெயிலில் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து முட்டையைக் குளிர்விக்கும். மலை இருவாச்சியில் பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை அடைத்துக்கொள்ளும், ஆண் சின்ன இடுக்கு வழியாக ஊட்டும். நீளவால் இலைக்கோழியில் நேர் எதிர்: பெட்டை முட்டை போட்டுவிட்டு அடுத்த ஆணிடம் போய்விடும், அடையும் குஞ்சும் ஆண் பொறுப்பு.

மொட்டைமாடி_கூண்டு:

நன்றி. ராத்திரி டார்ச் வைத்துப் பார்த்தேன். ஒரு முட்டை முழுக்க இருட்டு, தடித்த முனையில் மட்டும் வெளிச்சம். இன்னொன்று மஞ்சளாக, தெளிவாக, ஆட்டினால் தளதளவென்று இருக்கிறது. எடுக்கும்போது பெட்டை இறக்கையால் அடித்ததில் முட்டை கையிலிருந்து நழுவப் பார்த்தது.

ஈர்க்குச்சி:

இருட்டு முட்டை நல்லது, வெளிச்சம் தெரிவது காற்றறை. மற்றது கூமுட்டை. அடுத்த தடவை ஐந்தாம் நாளிலேயே பாருங்க, சிலந்திவலை மாதிரி சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது. நரம்பு கலைந்து சிவப்பு வளையம் மட்டும் நின்றால் கரு செத்துவிட்டது.

மேலிருந்து கை நீட்டினால் அடிக்கத்தான் செய்யும். உள்ளங்கை மேலே பார்த்தபடி, சட்டித் தரையை ஒட்டி, மார்புக்கு அடியில் கையை நுழைங்க. முட்டை விரலுக்குள் விழுந்த பிறகு மூடி வெளியே எடுங்க. அடி புறங்கையில் விழும், முட்டைக்குப் படாது.

கூமுட்டையை இன்றே எடுத்துடுங்க, இந்த வெயிலில் கெட்டு உடைந்தால் நல்ல முட்டையும் பாழ். நாளைக்கு ஒரு அகலத் தட்டில் குளிக்கத் தண்ணீர் வைங்க, நனைந்த வயிறோடு உட்கார்ந்தால் ஓடு வறளாது. கீறல் விட்டபின் வெளியே வர ஒரு நாள்கூட ஆகும், ஓட்டை உரிச்சு உதவப் போகாதீங்க.

ஒற்றைக் குஞ்சில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பேர் பாலும் ஒன்றுக்கே போகும், சீக்கிரம் கனக்கும். சாய இன்னொரு குஞ்சு இல்லாததால் பெட்டையின் பாரம் முழுக்க அதன் மேல். மண்சட்டி வழவழப்பாக இருந்தால் கால் இரண்டும் பக்கத்துக்கு ஒன்றாக விரிந்துவிடும். சட்டியில் இப்போது என்ன போட்டிருக்கீங்க?

மொட்டைமாடி_கூண்டு:

பழைய துணி.

ஈர்க்குச்சி:

துணியை எடுங்க, நகம் மாட்டும். தென்னை ஈர்க்கு, வேப்பங்குச்சி விரல் நீளத்துக்கு ஒடித்துப் பாதியைச் சட்டியில் போட்டு, மீதியைக் கூண்டுத் தரையில் இறைச்சு விடுங்க. ஆண் ஒவ்வொரு குச்சியாகத் தூக்கிவந்து கொடுக்கும், பெட்டை உட்கார்ந்தபடியே வாங்கி அடியில் சொருகிக்கொள்ளும். அதே பெட்டியில் இரண்டாவது சட்டியும் வைங்க. குஞ்சுக்கு இரண்டு, மூன்று வாரம் ஆகும்போது பெட்டை அதில் அடுத்த முட்டை போடும், அப்போது பெரிய குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் ஆண்தான்.