பொருள்: பெல்லட் ஸ்டவ் – எரிபொருள் கணக்குக்குச் சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக் கருவிகளைக் கணினியோடு இணைக்கும் திறமூல மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். பெல்லட் ஸ்டவ் பகுதிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அந்தப் பொருளை நான் கண்ணால் கண்டதில்லை. மரத்தூளை அழுத்திச் செய்த சிறு உருளைகளை எரித்து அறையைச் சூடாக்கும் என்று படித்ததோடு சரி.

"ஃப்யூவல் கன்சம்ப்ஷன் டிராக்கிங்" என்ற தலைப்புக்கு இப்போதைக்கு "குளிகை அடுப்பு எரிபொருள் நுகர்வுக் கண்காணிப்பு" என்று போட்டிருக்கிறேன். கைப்பேசித் திரையில் "குளிகை அடுப்பு எரி…" என்று வெட்டுப்பட்டு நிற்கிறது. சுருக்கமாக ஏதாவது சொல்லுங்கள்.

* * *

> குளிகை அடுப்பு

தம்பி, குளிகை என்றால் வைத்தியர் தருவது. துகள் என்றும் எழுதிவிடாதீர்கள். துகளைத் திரட்டி அழுத்தியதுதான் இந்தப் பொருள். மரவுருளை எனலாம். நுகர்வு, கண்காணிப்பு இரண்டும் வழக்கில் நிலைத்த சொற்கள், அப்படியே இருக்கட்டும். நீளம் மென்பொருளின் குறை, மொழியின் குறையல்ல.

* * *

வணக்கம். மூன்று குளிர்காலமாக எங்கள் வீட்டில் இந்தக் கருவி இருக்கிறது. மூட்டை சுமக்கிறவள் என்ற உரிமையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், அது அடுப்பு இல்லை. அதில் யாரும் உலை வைப்பதில்லை. குளிர்காயப் போடும் நெருப்புக்குத் தமிழில் கணப்பு என்று சொல் இருக்கிறது. கணப்புச் சட்டி என்றும் சொல்வோம். அதை விட்டுவிட்டு அடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

பெல்லட்டுக்கும் எங்கும் தேடி அலைய வேண்டாம். ஆடு மாடு வளர்ப்பவர்கள் இதே முறையில் அழுத்தி, இதே வடிவில் வரும் தீவனத்தைக் குச்சித் தீவனம் என்கிறார்கள். உடைந்து நொய்யாக இருந்தால் அது குருணைத் தீவனம். எந்தக் குழுவிலும் விவாதிக்காமல் அவர்களாகவே வைத்துக்கொண்ட பெயர். நம்முடையது 6 அல்லது 8 மில்லிமீட்டர் தடிமனில், அதிகம் போனால் 40 மில்லிமீட்டர் நீளத்தில் வரும் மரக்குச்சி. வெறும் "மரக்குச்சி" என்றால் மரத்திலிருந்து ஒடித்த சுள்ளி நினைவுக்கு வரும், "எரிகுச்சி" என்றால் தீக்குச்சி. ஆகவே "அழுத்தக் குச்சி" என்று ஒருமுறை விளக்கிவிட்டு, பிறகு குச்சி என்றே எழுதலாம். கருவி குச்சிக் கணப்பு.

இனி முக்கியமான இடம். நுகர்வு என்ற சொல்லோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் இந்தக் கருவி நுகர்வை அளப்பதே இல்லை.

மேலே தொட்டி. அதன் அடியில் ஒரு திருகு. மோட்டார் அந்தத் திருகைச் சுற்றினால் குச்சிகள் எரிகிண்ணத்தில் விழும். மோட்டார் ஓயாமல் ஓடாது, சில நொடி ஓடும், சில நொடி நிற்கும். தீ பெரிதாக வேண்டுமென்றால் ஓடும் நேரத்தைக் கூட்டும். மென்பொருளுக்குத் தெரிந்தது அந்த ஓடிய நேரம் மட்டும்தான். குளிர்ந்திருக்கும்போது திருகைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, விழுந்ததை வாளியில் பிடித்துச் சமையலறைத் தராசில் நிறுத்து, நொடிக்கு இத்தனை கிராம் என்று நாம்தான் அதற்குச் சொல்லித் தருகிறோம். பத்து நிமிடத்தில் 900 கிராம் விழுந்தால் நொடிக்கு 1.5 கிராம். ஒவ்வொரு 10 நொடியிலும் 3 நொடி ஓடினால் மணிக்கு 1.62 கிலோ. 15 கிலோ மூட்டை ஒன்பதே கால் மணி நேரம் வரும்.

வரும் என்று திரை சொல்கிறது. அடுத்த மூட்டையில் குச்சிகள் நீளமாக இருந்தால் திருகின் இடைவெளிகளில் குறைவாகவே அடங்கும். பத்து விழுக்காடு குறைந்தால் அதே மூட்டை இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக எரியும். திரைக்கு அது தெரியாது. தொட்டியைக் காலியாகவிட்டு மறுபடி நிரப்பினால், திருகுக் குழல் நிறையும்வரை மோட்டார் வெறுமனே சுற்றும். அந்த வெறுஞ்சுற்றும் கணக்கில் ஏறும். சில நாள் தொட்டிக்குள் குச்சிகள் ஒன்றையொன்று முட்டி வளைவாக நின்றுகொள்ளும், மேலே நிறைந்தும் அடியில் பள்ளமாகவும். புகையின் சூடு தணிந்ததை உணர்ந்து கருவி தானே நிற்கும்வரை, விழாத குச்சியையும் விழுந்ததாகவே எழுதிக்கொண்டிருக்கும். முதல் குளிர்காலத்தில் இந்த எண்ணை நம்பி மூட்டை வாங்கி வைத்தேன், குளிர் போன பிறகும் மூட்டைகள் மீந்து கிடந்தன.

இப்போது கதவோரத்தில் ஒரு நோட்டு தொங்குகிறது. மூட்டை பிரித்தால் ஒரு கோடு. அதுதான் மெய்.

ஆகவே ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும். நாம் தொட்டியில் கொட்டியது கொட்டளவு. திருகு ஊட்டியது ஊட்டளவு. உண்மையில் எரிந்தது எரியளவு. தலைப்புக்குத் தீனிக்கணக்கு. கண்காணிப்பு என்றாலே கைதியும் காவலும் நினைவுக்கு வருகின்றன. பால் கணக்கு, சலவைக் கணக்கு எழுதியவர்களுக்கு டிராக்கிங் என்றால் என்னவென்று தனியாகச் சொல்லித்தர வேண்டுமா?

* * *

> உண்மையில் எரிந்தது எரியளவு

அக்கா சொன்ன முதல் இரண்டும் அருமை. மூன்றாவதை எடுத்துவிடலாம் என்பேன்.

இந்தக் குச்சிகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐ.எஸ்.ஓ. 17225-2-இல், உயர்ந்த வகையான ஏ1 குச்சியின் சாம்பல் 0.7 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. 15 கிலோ மூட்டைக்கு ஏறத்தாழ 100 கிராம். மீதியெல்லாம் எரிந்துவிடும். கிண்ணத்தில் விழுந்தது இன்றில்லாவிட்டால் நாளைக் காலை எரியும். ஊட்டியதற்கும் எரிந்ததற்கும் இடையில் சொல் ஒன்று நிற்கும் அளவுக்கு இடமில்லை. நீங்களே சொன்ன கோளாறெல்லாம் ஊகத்துக்கும் தராசுக்கும் இடையில்தான் இருக்கிறது. அங்கேதான் சொல் வேண்டும்: "உத்தேச ஊட்டளவு", "நிறுத்த அளவு". தொட்டிக்கு அடியில் எடையுணரி வைத்தவர்களுக்கு இரண்டாவது. மீயொலியால் தொட்டியின் மட்டம் பார்ப்பவர்களும் உண்டு. தூசு படிந்தால் அதுவும் உத்தேசம்தான்.

ஒரு எச்சரிக்கை. எரிவெப்பத்தை, அதாவது எரியும்போது கிடைக்கும் வெப்பத்தை, இதோடு கலக்க வேண்டாம். அதே தரத்தில் கிலோவுக்குக் குறைந்தது 4.6 கிலோவாட் மணி என்று இருக்கிறது. மென்பொருளில் கிலோவைக் கிலோவாட் மணியாக மாற்றிக் காட்டும் வரியும் இருக்கும். அங்கே "எரியளவு" என்று எழுதினால், கிலோவா வெப்பமா என்று படிப்பவர் குழம்புவார்.

* * *

கணப்பை ஏற்கிறேன். அது எனக்குத் தோன்றாமல் போனது வெட்கம். குச்சியையும் ஏற்கிறேன், தீவனக்காரர்களுக்காக.

தீனிக்கணக்கு வேண்டாம் அம்மா. நொறுக்குத் தீனி, தீனிப்பண்டாரம் என்றெல்லாம் அந்தச் சொல் இன்று கேலிப்பக்கம் சாய்ந்துவிட்டது. கருவியின் தலைப்பில் அதைப் பார்த்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். கொட்டளவும் எனக்குத் தேளை நினைவூட்டுகிறது, ஆனால் அது என் பிரச்சினை.

நுகர்வைப் பற்றி ஒரு வார்த்தை. நுகர்தல் என்பது புலனால் துய்ப்பது. இயந்திரத்துக்கு நாம் நீட்டிக்கொண்டோம். பத்திரிகைகள் பழக்கிவிட்டன, எனக்கும் பழகிவிட்டது. ஊட்டளவு என்பதைப் படித்த பிறகு அந்தப் பழக்கம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

* * *

> பிள்ளைகள் சிரிப்பார்கள்

சிரிக்கட்டுமே ஐயா, கணக்காவது எழுதுவார்கள். சரி, தீனியை விட்டுத்தருகிறேன். எரியளவையும். கொட்டளவைத் தரமாட்டேன்.

* * *

எல்லோருக்கும் நன்றி. இன்று இரவு இப்படிப் பதிவேற்றுகிறேன்:

கருவி: குச்சிக் கணப்பு
தலைப்பு: குச்சிக் கணக்கு
இன்று கொட்டியது: 1 மூட்டை (கொட்டளவு)
உத்தேச ஊட்டளவு: மணிக்கு 1.62 கிலோ
நிறுத்த அளவு: எடையுணரி இருந்தால் மட்டும் தெரியும்

தலைப்பு கைப்பேசித் திரையில் வெட்டுப்படாமல் முழுதாக நிற்கிறது, இப்போதுதான் பார்த்தேன். தமிழாக்க இன்னும் ஒரு வரி மட்டும் பாக்கி. தொட்டிக்குள் குச்சி வளைவாக நின்று கீழே விழாமல் போவதை மூலத்தில் "பிரிட்ஜிங்" என்கிறார்கள். "பாலம் கட்டுதல்" என்று எழுத மனம் வரவில்லை. அக்கா, உங்கள் வீட்டில் அதை என்னவென்று சொல்வீர்கள்?

* * *

"மறுபடி அடைச்சிக்கிட்டு நிக்குது" என்று கத்துவோம். எச்சரிக்கைச் செய்திக்கு "தொட்டியில் அடைப்பு, குச்சி இறங்கவில்லை" என்று போடுங்கள். படித்தவுடன் கரண்டியை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.