பாக்குலா: பூலில் ரிட்டென்ஷன் 30 நாள் வைத்தும் எஸ்3 பக்கெட் குறையவில்லை

புதுஅட்மின்:
வணக்கம். எங்கள் பேக்கப் பாக்குலா (பேக்கப் எடுக்கும் மென்பொருள்) வழியாக எஸ்3 பக்கெட்டுக்கு (அமேசான் கிளவுடில் உள்ள சேமிப்பிடம்) போகிறது. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவைத்த கான்ஃபிகரேஷன். மாதம் ஒரு ஃபுல் (முழு பேக்கப்), தினமும் இன்கிரிமென்டல் (முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியது மட்டும்), இரண்டுக்கும் தனித்தனி பூல் (பேக்கப் எழுதப்படும் வால்யூம்களின் தொகுப்பு). இரண்டிலுமே ரிட்டென்ஷன் (வால்யூமை எத்தனை நாள் காக்க வேண்டும் என்ற) வரி இல்லாததால் வால்யூம் ரிட்டென்ஷன் 30 நாள் என்று சேர்த்து ரீலோட் கொடுத்தேன். எரர் எதுவும் இல்லை, ஆனால் பக்கெட் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. பேக்கப் சர்வரின் கேச் டிஸ்க்கும் (கிளவுடுக்கு ஏறும் முன் தரவு தங்கும் இடம்) நிரம்பப் போகிறது.

லிஸ்ட் மீடியாவில் (வால்யூம்களைப் பட்டியலிடும் கட்டளை) ஃபுல் பூலின் வால்யூம்கள் எல்லாம் யூஸ்டு (இனி எழுதப்படாதவை). இன்கிரிமென்டலில் ஒரே ஒரு பெரிய வால்யூம், அப்பெண்ட் (இன்னும் எழுதலாம்) என்றே நிற்கிறது. ரிட்டென்ஷன் பத்தியில் எல்லாவற்றுக்கும் 31,536,000.

பேசாமல் பக்கெட்டிலேயே 30 நாள் தாண்டியதை அழிக்கும் லைஃப்சைக்கிள் விதி போட்டுவிடலாமா?

டேப்காலத்து ஆள்:
விதி எதையும் இப்போதைக்குப் போட வேண்டாம்.

31,536,000 என்பது வினாடிக் கணக்கு, அதாவது 365 நாள். ஒன்றும் எழுதாவிட்டால் பாக்குலா எடுத்துக்கொள்ளும் மதிப்பு அது. வால்யூமை உருவாக்கும்போது பூலில் என்ன இருந்ததோ, அதை அந்த வால்யூம் தன் பெயரில் கேட்டலாகில் (பாக்குலாவின் தரவுத்தளம்) எழுதிக்கொள்ளும். பிறகு நீங்கள் பூலை மாற்றினால் இனி உருவாகும் வால்யூமுக்குத்தான் அது பொருந்தும். பழையவற்றுக்கும் வர வேண்டுமானால் பிகன்சோலில் (பாக்குலாவின் கட்டளைத் திரை) அப்டேட் கொடுத்து, முதலில் 'பூல் ஃப்ரம் ரிசோர்ஸ்', அப்புறம் வால்யூம் பாராமீட்டர்ஸ் மெனுவில் 'ஆல் வால்யூம்ஸ் ஃப்ரம் பூல்'. திரும்ப லிஸ்ட் மீடியா பார்த்தால் 2,592,000 என்று இருக்க வேண்டும்.

ஆனால் ஃபுல் பூலுக்கு இதைச் செய்யும் முன் கொஞ்சம் நில்லுங்கள். மாதம் ஒரு ஃபுல்லுக்கு 30 நாள் ரிட்டென்ஷன் ஆபத்து. அடுத்த ஃபுல் தொடங்கி வால்யூம் கேட்கும் நேரத்தில் போன மாதத்தது காலாவதி ஆகியிருக்கலாம். ரீசைக்கிள் அனுமதி இருந்தால் பாக்குலா புதிது உருவாக்குவதற்கு முன் பழையதைத்தான் தேடும். அதையே துடைத்துவிட்டு அதன்மேல் எழுத ஆரம்பிக்கும், கிளவுடில் இருந்த பார்ட்களும் (வால்யூமின் துண்டுகள்) போய்விடும். அந்த பேக்கப் ஜாப் பாதியில் விழுந்தால் கையில் ஃபுல் ஒன்றுமே இருக்காது. இன்கிரிமென்டல்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஃபுல்லுக்குக் குறைந்தது 65 நாள் வையுங்கள்.

புதுஅட்மின்:
ஃபுல் 70, இன்கிரிமென்டல் 40 என்று மாற்றி அப்டேட்டும் செய்துவிட்டேன், எண்கள் மாறிவிட்டன. மிக்க நன்றி. அந்த அப்பெண்ட் வால்யூமை என்ன செய்வது? கேச் டிஸ்க்?

டேப்காலத்து ஆள்:
அப்பெண்ட் நிலையில் இருப்பதைப் பாக்குலா ப்ரூன் (காலாவதியானதை விடுவிப்பது) செய்யாது. அதன் நிலை ஃபுல் (நிரம்பியது) அல்லது யூஸ்டு ஆக வேண்டும். அதன் பிறகும் நாள் எண்ணுவது கடைசியாக எழுதிய நேரத்திலிருந்து. தினமும் எழுதப்படும் வால்யூமுக்குக் காலாவதி எப்படி வரும்? டேப் என்றால் நீளம் முடிந்து தானாக நின்றுவிடும். கிளவுடில் முடிவை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்கிரிமென்டல் பூலில் மேக்சிமம் வால்யூம் ஜாப்ஸ் = 1 போடுங்கள். உங்கள் ஃபுல் பூலில் இது ஏற்கெனவே இருக்கும் என்று நினைக்கிறேன், அதனால்தான் அங்கே எல்லாம் யூஸ்டு. இப்போது இருக்கும் பெரியதை அப்டேட் வால்யூமில் கையாலேயே யூஸ்டு ஆக்குங்கள். அதற்கு 40 நாள் இன்றிலிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவரை பக்கெட் குறையாது. அதற்குப் பிறகும் ஏதாவது ஒரு ஜாப் வால்யூம் கேட்கும்போதுதான் இடம் விடுபடும்.

கேச் வேறு கதை. ஸ்டோரேஜ் டீமன் (தரவை எழுதும் பாக்குலா புரோகிராம்) கான்ஃபிகரேஷன் ஃபைலில் கிளவுட் பகுதியில் ட்ரங்கேட் கேச் என்று ஒரு வரி உண்டு, இல்லாவிட்டால் 'நோ' என்று அர்த்தம். ஆஃப்டர்அப்லோட் கொடுத்தால் மேலே ஏறிய பார்ட் உள்ளூரில் தங்காது. ஏற்கெனவே குவிந்ததை பிகன்சோலில் கிளவுட் ட்ரங்கேட் மூலம் காலி செய்யலாம். ரீஸ்டோர் மட்டும் இனி கிளவுடிலிருந்து இறங்கி வரும், கொஞ்சம் மெதுவாக.

வாளி:
லைஃப்சைக்கிள் விதியைப் பற்றி ஒன்று. பக்கெட்டுக்கு வால்யூம் என்றால் என்னவென்று தெரியாது, ஆப்ஜெக்டின் வயது மட்டும்தான் தெரியும். பாக்குலா ஒரு வால்யூமைப் பார்ட்களாக உடைத்து வைக்கிறது. பார்ட்.1 சில நூறு பைட்தான், அதில் இருப்பது லேபிள். வயதில் மூத்ததும் அதுதான், விதி முதலில் அதைத்தான் அழிக்கும். கேட்டலாகோ எல்லாம் பத்திரமாக இருப்பதாகவே காட்டும். ரீஸ்டோர் போடும் நாளில்தான் தெரியவரும்.

கிளேசியருக்கு (எஸ்3-இன் மலிவான காப்பக அடுக்கு) நகர்த்தும் விதியும் யோசித்துத்தான். அதில் டீப் ஆர்க்கைவ் வகை என்றால் ஸ்டாண்டர்ட் முறையில் எடுக்கவே 12 மணி நேரம் வரை ஆகும். 180 நாளுக்கு முன் அழித்தாலும் மீதி நாளுக்குக் கட்டணம் உண்டு. உங்கள் 40 நாள் வால்யூமுக்கு அது நஷ்டம்தான்.

போடலாம் என்றால் ஒரே ஒரு விதி: முடியாமல் நின்ற மல்டிபார்ட் அப்லோடுகளை (ஒரு ஃபைலைத் துண்டுதுண்டாக ஏற்றுவது) ஒரு வாரத்தில் ரத்து செய்வது. சாதாரணமாகப் பட்டியலிட்டால் அவை கண்ணில் படாது, பில்லில் மட்டும் வரும். பாக்குலா ஜாப் ஒன்று ஒரு வாரம் ஓடப் போவதில்லை என்றால் தாராளமாகப் போடுங்கள்.