பாரிஸ் பழைய இடங்கள்: புதிதாகக் குடிவந்தவர்களுக்கு

வந்த மாதத்திலேயே எல்லா இடத்துக்கும் முழுக் காசு கட்டிப் பார்க்க ஓடாதீர்கள். உங்கள் வதிவிட அட்டைக்கு இங்கே நல்ல மதிப்பு இருக்கிறது.

18 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் அந்த அட்டையையோ நீண்டகால விசாவையோ காட்டினால் லூவர், ஓர்சே அருங்காட்சியகங்கள், சென்ட் ஷப்பல் ஆலயம் மூன்றும் இலவசம். பாஸ்போர்ட் மட்டும் கொண்டுபோனால் வயது தெரியும், இங்கே வசிப்பது தெரியாது. முழுக் கட்டணம் கேட்பார்கள். இலவசம்தானே என்று நேரே போய் நிற்கவும் கூடாது. லூவருக்கு அந்த இலவசச் சீட்டையும் நேரம் குறித்து இணையத்தில் எடுக்க வேண்டும். லூவருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சேக்குத் திங்கள்.

வயது தாண்டியவர்கள் மாதத்தின் முதல் ஞாயிறைப் பிடியுங்கள். அன்று ஓர்சேயும் ஆசியக் கலை அருங்காட்சியகமான கிமேயும் எல்லோருக்கும் இலவசம். கிமேயில் 11ஆம் நூற்றாண்டுச் சோழர் கால நடராசர் செப்புத் திருமேனி இருக்கிறது. பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். நகரத்தின் வரலாற்றைச் சொல்லும் கர்னவாலே அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்கு எந்த நாளும் கட்டணம் இல்லை.

2019 தீவிபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்த நோத்ர் தாம் பேராலயத்துக்குள் போக ஒரு சதமும் வேண்டாம். முன்பதிவும் இலவசம். உள்ளே போகக் காசு கேட்டு யாராவது சீட்டு விற்றால் அது ஏமாற்று. கோபுரம் ஏறத் தனிக் கட்டணம் உண்டு.

காசு கொடுத்தாலும் தகும் என்றால் அது சென்ட் ஷப்பல், 1248இல் முடிந்த அரச ஆலயம். நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் சோதனை கடுமை: கத்தி, கத்தரிக்கோல், கண்ணாடிப் போத்தல் வேண்டாம். வெயில் உள்ள நாளாகப் பாருங்கள். மூட்டமான நாளில் சாளரக் கண்ணாடியின் நீலமும் சிவப்பும் மங்கிவிடும். கீழ்த்தளத்தோடு திரும்பிவிடாமல் ஒடுங்கிய சுழல் படியில் மேலே ஏறுங்கள். சுற்றிவர 15 பெரிய கண்ணாடிச் சாளரங்கள், 1,113 காட்சிகள். வாசலுக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கத்து முதல் சாளரத்தில் உலகப் படைப்பு தொடங்குகிறது. கீழ் வரிசையிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாகப் பார்த்தால் கதை ஓடும். மேலேயிருந்து தொடங்குபவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது. உச்சிக் காட்சிகளுக்குச் சின்னத் தொலைநோக்கி உதவும்.

எல்லா வலயத்துக்குமான மாத நவிகோ (பயண அட்டை) இருந்தால் வெர்சாய் அரண்மனைக்குப் போகத் தனி ரயில் டிக்கெட் வேண்டாம். வார நவிகோ எந்த நாளில் எடுத்தாலும் திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வியாழனன்று அந்த வாரத்துக்கு எடுத்தால் மூன்று நாள் வீண். 13ஆம் மெட்ரோவில் சென் துனி பசிலிக்காவும் அதே அட்டையில் அடங்கும். பிரெஞ்சு அரசர்களில் பெரும்பாலோரின் கல்லறைகள் அங்கேதான். நடு மண்டபம் இலவசம், கல்லறைப் பகுதிக்குத்தான் சீட்டு. லாக்கூர்னேவில் இருப்பவர்களுக்கு அது பக்கத்து ஊர்.