வாலி வெஸ்ட்டைப் போய் இப்படியா பண்ணுவீங்க? (ஸ்பாய்லர் இருக்கு)

சிவப்புமின்னல்

ரொம்ப லேட்டா தான் படிச்சேன், திட்டாதீங்க. ஹீரோஸ் இன் க்ரைசிஸ், டிசி காமிக்ஸ்ல 2018ல ஆரம்பிச்சு 2019ல முடிஞ்ச 9 இஷ்யூ கதை. படிக்காத படிக்காதன்னு எல்லாரும் சொன்னாங்க, கேக்காம ஒரே ராத்திரியில உக்காந்து முடிச்சுட்டு இப்ப தூக்கம் வராம இங்க வந்து கொட்டிட்டு இருக்கேன்.

தெரியாதவங்களுக்கு: சாங்க்சுவரின்னு ஒரு இடம், சூப்பர்மேன் பேட்மேன் வொண்டர் வுமன் மூணு பேரும் ரகசியமா கட்டி வச்சது. சண்டை போட்டு போட்டு மனசு உடைஞ்சு போன ஹீரோக்கள் அங்க போய் தங்கி, கேமரா முன்னாடி உக்காந்து உள்ள இருக்கறத பேசிட்டு வரலாம். கேக்கவே எவ்ளோ நல்லாருக்கு? முதல் இஷ்யூலயே அங்க இருந்தவங்க பொணமா கிடக்குறாங்க. பூஸ்டர் கோல்டுன்னு ஒரு ஹீரோவும், முன்னாடி வில்லியா இருந்த ஹார்லி க்வின்னும் மட்டும் தப்பிச்சு, நீதான் பண்ணன்னு ஒருத்தர ஒருத்தர் கை காட்டுறாங்க. 8வது இஷ்யூல வந்து, பண்ணது வாலின்னு சொல்றாங்க.

வாலிங்க. 1959ல, மின்னல் வேகத்துல ஓடற ஃப்ளாஷுக்கு அசிஸ்டென்ட்டா, கிட் ஃப்ளாஷா வந்த பொடியன், 1985ல பேரி ஆலன் செத்தப்புறம் குருவோட ட்ரெஸ்ஸ தானே போட்டுக்கிட்டு ஃப்ளாஷா வளர்ந்தவன். அசிஸ்டென்ட்டா இருந்து நிஜமாவே அந்த இடத்துக்கு வந்தவங்க எத்தன பேரு? 2011ல கதைய எல்லாம் அழிச்சு புதுசா ஆரம்பிச்சப்போ இவனையும் அழிச்சாங்க, பொண்டாட்டி லிண்டா ரெண்டு புள்ளைங்க எல்லாமே காலி. 2016 ரீபர்த் இஷ்யூல திரும்ப வந்தான் பாருங்க, யாருக்குமே அவன ஞாபகம் இல்ல, லிண்டாவுக்கே இல்ல, மின்னலா கரைஞ்சு போயிட்டு இருக்கான், சரி போறதுக்கு முன்னாடி நன்றி சொல்லிட்டு போவோம்னு அதுக்குள்ள கதையில உயிரோட திரும்பி வந்திருந்த பேரிகிட்ட வர்றான், அந்த கடைசி நொடியில பேரிக்கு ஞாபகம் வந்து கைய புடிச்சு இழுப்பான். ரெண்டு பேரும் கட்டி புடிச்சு அழுவாங்க. நானும் தான்.

அவனோட பவர் கைமீறி வெடிச்சு எல்லாரும் செத்தாங்கங்கறத கூட ஏத்துக்கலாம், விபத்து. ஆனா அதுக்கப்புறம் அவன் பொணத்தையெல்லாம் நகர்த்தி வச்சு, பூஸ்டர் மேலயும் ஹார்லி மேலயும் பழி விழற மாதிரி செட்டப் பண்றான். செத்தவங்கள்ல ராய் ஹார்ப்பரும் ஒருத்தன், சின்ன வயசுலேர்ந்து டைட்டன்ஸ்ங்கற இளம் ஹீரோ குழுவுல கூடவே இருந்தவன். வாலி இத பண்ணுவானா? எனக்கு மட்டும்தான் இப்படி இருக்கா?

பழையபேப்பர்

தம்பி, நாங்க 1994லயே இத பாத்தாச்சு. ஹால் ஜோர்டன், பவர் மோதிரம் போட்ட கிரீன் லாண்டர்ன் ஹீரோ. அவன் ஊரு கோஸ்ட் சிட்டி அழிஞ்சு போச்சு, ஊரோட லட்சக்கணக்கான சனம் போச்சு, அந்த துக்கத்துல கிரீன் லாண்டர்ன் 48, 49, 50 மூணே இஷ்யூல கூட்டாளிகள அடிச்சு மோதிரத்த புடுங்கிட்டு அதுல ஒருத்தனான கிலோவாக்கயும் கொன்னுட்டான். முப்பத்தி சொச்சம் வருசம் நல்லவனா இருந்தவன கெடுக்க மூணு மாசம். ரசிகர்கள் அவனத் திரும்ப கொண்டு வரணும்னு ஒரு குழுவே ஆரம்பிச்சாங்க. பத்து வருசம் கழிச்சு 2004ல எழுத்தாளர் ஜெஃப் ஜான்ஸ் வந்து, அதெல்லாம் ஹால் இல்லப்பா, அவனுக்குள்ள பாராலாக்ஸ்னு ஒரு மஞ்ச பூச்சி பூந்துருச்சுன்னு எழுதி முடிச்சாரு. உன் வாலியையும் 2021 ஃப்ளாஷ் ஆனுவல்ல (வருச சிறப்பிதழ்) தப்பு அவன் மேல இல்லன்னு மாத்தியாச்சு. ஃப்ரீயா விடு.

சும்மாவந்தவன்

கதை தானே பாஸ், இதுக்கு போய் தூக்கம் கெடுத்துக்கிட்டு

சிவப்புமின்னல்

@சும்மாவந்தவன் கதைனு தெரியாமலா இத்தன வருசம் படிக்கிறோம்

@பழையபேப்பர் அண்ணே, பூச்சி மேல பழி போடறது எனக்கு இன்னும் கடுப்பா இருக்கு. அப்போ ஹால் பட்ட துக்கமும் பொய்யா? கெடுக்கறதையும் அவங்களே கெடுத்துட்டு, கழுவறேன்னு வந்து நல்லா இருந்த பாதியையும் சேத்து கழுவிடறாங்க.

ராத்திரிவாசகன்

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுறேன், அடிக்க வராதீங்க. ஒன்பது கட்டம் போட்ட பக்கங்கள்ல ஒவ்வொருத்தரா கேமராவ பாத்து பேசறது இருக்கே, அதுல சிலது ரொம்ப நல்லாருக்கும், ஒண்ணுமே பேசாம உக்காந்திருக்கற பேனல் கூட வரும். எழுதின டாம் கிங் முன்னாடி சிஐஏல வேல பாத்தவர், மனசு ஒடைஞ்சவங்கள பத்தி எழுத வராதவர் இல்ல. குடும்பமே இல்லாம போன ஒருத்தன் ஒடையாம இருந்தா தான் அதிசயம். நல்லவன் தப்பு பண்ணக்கூடாதுன்னா எப்படி? ராமனே வாலிய மறைஞ்சு நின்னு தான அடிச்சான், அதுக்காக ராமன விட்டுட்டோமா? (பேரு பொருத்தம் தானா அமைஞ்சது, நான் பொறுப்பில்ல)

மூணாம்பேனல்

ராமன் அடிச்சான் சரி, ஆனா கம்பன் என்ன பண்ணாரு? அம்பு நெஞ்சுல இருக்கறப்பவே வாலிய ராமன் மூஞ்சிக்கு நேரா கேள்வி கேக்க விட்டாரு. நீ பண்ணது நியாயமான்னு. இங்க அந்த கேள்விக்கு இடம் எங்க? எட்டு இஷ்யூ கொலைகாரன் யாரு யாருன்னு இழுத்துட்டு, உண்மை தெரிஞ்சதும் அடுத்த இஷ்யூல கடைய மூடிட்டாங்க. ராயோட ஆளுங்க யாராவது வாலி முன்னாடி வந்து நின்னு கேட்டிருந்தா நானே இது நல்ல கதைன்னு சொல்லிருப்பேன். துப்பறியும் கதைக்கு எதிர்பாக்காத ஆள் ஒருத்தன் வேணும், அதுக்கு வாலி மாட்டுனான், அவ்ளோதான் விஷயம்.

இன்னொன்னு, இந்த மாதிரி கறை சீக்கிரம் போகாது. மார்வெல் காமிக்ஸ்ல ஆன்ட்-மேனா இருந்த ஹாங்க் பிம்ம பாருங்க. 1981, அவெஞ்சர்ஸ் 213, பொண்டாட்டி ஜேனட்ட கன்னத்துல அறையுற ஒரே ஒரு பேனல். கை வீசறப்ப தெரியாம பட்டுடுச்சுங்கற மாதிரி தான் ஸ்கிரிப்ட்ல எழுதினேன்னு ஜிம் ஷூட்டர் பின்னாடி சொன்னாரு, வரைஞ்சதுல ஓங்கி அறையா வந்துருச்சு. எறும்போட பேசுவான், அல்ட்ரான்ங்கற ரோபோவ உருவாக்கினான், எதுவும் யாருக்கும் ஞாபகம் இல்ல. பிம்னா அந்த அறை தான்.

ராத்திரிவாசகன்

ம்ம், அந்த கேள்வி கேக்கற சீன் இல்லங்கறது சரிதான். ஒத்துக்குறேன். பேனலுங்க நல்லாருக்குங்கறத மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

சிவப்புமின்னல்

@மூணாம்பேனல் நீங்க சொன்னதுக்கப்புறம் தான் எனக்கே எங்க வலிச்சுதுன்னு புரியுது. சாங்க்சுவரி எதுக்கு கட்டுனாங்க, வாய தொறந்து சொல்றதுக்கு. அங்க போய் தான் வாலி வாய மூடிக்கிட்டான், அதுவும் தன்ன விட்டா நாதியில்லாத பூஸ்டர் மேல பழிய போட்டுட்டு. அப்புறம் ரீபர்த் எடுத்து அந்த கட்டிப்புடிக்கிற பக்கத்த பாத்தேன், எப்பவும் கண்ணு கலங்கும், இன்னிக்கு பேரி இழுக்கற கைய தான் பாத்துட்டு இருந்தேன். இழுக்காமயே விட்டிருக்கலாமோன்னு ஒரு நிமிசம் தோணிச்சு, இத என்ன தோண வச்சதுக்கே இவங்கள மன்னிக்க முடியாது.

பழையபேப்பர்

அடேய். கழுவறதெல்லாம் பொய்யின்னு வச்சுக்கோ, ஆனாலும் ஃப்ளாஷ் 768 எடு, 2021, ஜெரமி ஆடம்ஸ் எழுதினது. லிண்டா, ரெண்டு புள்ளைங்க எல்லாம் இருக்காங்க. வாலி காலம் விட்டு காலம் தாவி வேற வேற ஆள் உடம்புக்குள்ள போய் விழுவான், சிரிச்சுட்டே படிக்கலாம். பாவம் அவனும் சிரிக்கட்டும்.

சிவப்புமின்னல்

சரிண்ணே, நாளைக்கு ஆரம்பிக்கிறேன். அந்த 8வது இஷ்யூவ மட்டும் பெட்டியில அட்ட உள்பக்கம் திரும்பியிருக்கற மாதிரி வச்சுட்டேன்.